ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

எக்ஸ்ரே அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்த மாத்திரத்தில் அவள் தூங்கிப்போனாள். உட்கார்ந்தால் போதும், கண் தானாக மூடிக்கொள்ளும் என்கிற நிலைக்கு அவள் வந்து ஒரு மாதமாகிறது. பஸ்ஸில் தூங்குவாள். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஸ்க்ரூ மாட்டிக்கொண்டே தூங்குவாள். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு “சரியாம்மா?” என்று கேட்க, திடுக்கிட்டு விழித்து “ரொம்ப நல்லா படிக்கிறீங்க சார்” என்றாள். கடையில் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். நான்கு மாதத்துக்கு முன், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது லிஃப்டுக்கு எதிர்ப்பாரமாக மேலே தொங்கிய எடைக்கட்டை இறங்கி, வலது முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. காலை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. பிறகு மனசு மாறி, பொடியாகிப்போன நான்கு சென்டிமீட்டர் எலும்பை மட்டும் எடுத்துவிட்டு மீதியை ஒட்டவைத்தார்கள். காலைச் சுற்றி இரும்பு வளையங்களைப் பூட்டி, எலும்புக்குள் கம்பிகளைக் கோத்து நிறுத்தினார்கள். கால் பிழைத்தது, நான்கு சென்டிமீட்டர் குட்டையாக.

அந்த நான்கு சென்டிமீட்டரையும் திரும்ப வளர்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. எலும்பை மேலே ஓர் இடத்தில் அறுத்துவிட வேண்டும். பிறகு வளையங்களுக்கு நடுவே இருக்கும் நான்கு நட்டுகளையும் தினமும் நான்கு வேளை, வேளைக்குக் கால்வாசிச் சுற்று திருக வேண்டும். அறுத்த இடம் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு ஊறும். நாற்பது நாளில் நாற்பது மில்லிமீட்டர். கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது, காலுக்குச் சொந்தக்காரனைக் கேட்காத வரைக்கும்.

“வீட்ல யாரு திருகப்போறீங்க?” என்று ஸ்பேனரை நீட்டியபடி சிஸ்டர் கேட்டபோது, கணவன் கண்ணை மூடிக்கொண்டான். பின்பக்கத்து நட்டு அவன் கைக்கு எட்டாது, எட்டினாலும் அவனால் ஆகாது. மாமனார் ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் அவள் கைக்கு வந்தது. வேறு எங்கே போகும்?

முதல் வாரம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு சதையும் நரம்பும் இழுபட ஆரம்பித்தன. காலை ஆறு மணி, அவள் கடையிலிருந்து ஓடிவரும் மத்தியானம் ஒரு மணி, சாயங்காலம் ஆறு, ராத்திரி ஒன்பது. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் அவன் கெஞ்சுவான், நடுவில் அலறுவான், முடிந்ததும் ஏசுவான். “கொலைகாரி” என்றான் ஒருநாள். இன்னொரு நாள் தண்ணீர் டம்ளர் பறந்து வந்தது. அவள் குனிந்துகொண்டு “இன்னும் ரெண்டு நட்டுதாங்க” என்றாள். இது தவிரக் கம்பி நுழைந்த பதினாறு ஓட்டைகளையும் தினமும் பஞ்சு வைத்துத் துடைக்க வேண்டும். சமையல், துவையல், கடை எல்லாம் எப்போதும்போல் உண்டு.

வீட்டில் அவளுக்குத் துணை என்றால் மாமனார்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் குரலுக்காகத் தெருவில் அவருக்கு ஹாரன் என்றே பெயர். மகன் அலற ஆரம்பித்தால் அடுக்களையிலிருந்தே ஹாரன் அடிப்பார்.

“ஆம்பளப் புள்ளையாடா நீ? பல்லக் கடிச்சுக்கிட்டு இரு!” அப்புறம் அவளிடம், “அவன் கத்துறான்னு விட்டுடாதம்மா. நீ பாட்டுக்குத் திருகு.”

கல்நெஞ்சு மனிதர் என்று ஊர் சொன்னாலும், அவளுக்கு அந்தக் குரல் ஆறுதலாக இருந்தது. ஒவ்வொரு நட்டிலும் ஒரு வெள்ளைப் புள்ளி உண்டு. நான்கு வேளையும் முடிந்தால் அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முன்பக்கம் வந்து நிற்கும். நான்கு புள்ளிகளும் வந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் சிஸ்டர் கொடுத்த அட்டையில் நாலாவது டிக் போடுவாள், படுப்பாள்.

“உள்ள வாங்க” என்று யாரோ தோளைத் தட்டினார்கள். மூன்று பேருமாக உள்ளே போனார்கள். மாமனார் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றார்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேயைப் பெரிதாக்கி அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“நேத்தோட முப்பது நாள் ஆச்சு. முப்பது மில்லிமீட்டர் வந்திருக்கணும். பதினாறுதான் வந்திருக்கு.” நாற்காலியைத் திருப்பினார். “அதுகூடப் பரவாயில்ல. விலகாம நின்னதுல நடுவுல எலும்பு இறுகிப்போச்சு. இனிமே திருகினா கம்பிதான் வளையும். திரும்ப அறுக்கணும்.”

கணவனின் கை நாற்காலிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தது.

“வேளை எதுவும் தவறிடுச்சாம்மா?”

“இல்ல டாக்டர். ஒரு வேளைகூட விடல.” அட்டையை எடுத்து நீட்டினாள். முப்பது நாள், நூற்றிருபது டிக்.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். கோபப்படவில்லை. “டிக் எல்லாம் சரியா இருக்கும்மா. எலும்பு சரியா இல்லையே.”

“அவள ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்” என்றான் கணவன். “வேலைக்கும் போறா, வீட்டையும் பாக்குறா. பாவம், அசந்துபோய் மறந்திருப்பா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல.”

மன்னித்துவிட்டான். கொலைகாரி என்றபோது வராத அழுகை அவளுக்கு இப்போது முட்டிக்கொண்டு வந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. ஒரு மாதம் இந்த வீட்டில் பேயாக இருந்தது எதற்காக? அந்த நாற்பது மில்லிமீட்டருக்காக. இப்போது அதுவும் இல்லை, தான் திருகியதை நம்பவும் ஆளில்லை. அதைவிடக் கொடுமை, அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. நின்றுகொண்டே தூங்குகிறவள்தானே. தூக்கக் கலக்கத்தில் திருகாமலே டிக் போட்டிருப்பேனோ? எதிர்த்துப் பேசவும் தெம்பு வேண்டும். அது அவளிடம் மிச்சமில்லை.

“விட்டிருப்பேன் டாக்டர்” என்றாள்.

“அவ விடல.”

கதவோரத்திலிருந்து வந்த குரல் யாருடையது என்றே முதலில் தெரியவில்லை. டாக்டரம்மா “என்ன சொன்னீங்க?” என்றார்.

“அவ ஒரு வேளைகூட விடலம்மா. நான்தான் பின்னால திருப்பினேன்.” ஹாரன் காற்றுப்போய்ப் பேசினார். “மத்தியானம் அவ திருகிட்டுக் கடைக்குப் போயிடுவா. இவன் மாத்திரையப் போட்டுட்டுத் தூங்குவான். தூக்கத்துலயும் முனகுவான். சின்னப் புள்ளையில காய்ச்சல் வந்தா இப்படித்தான் முனகுவான். நாலு நட்டையும் ஒரு சுத்து தளர்த்தி விட்டா அடங்கிடும்.”

ஒரு முழுச் சுற்று. முழுதாகப் பின்னால் திருப்பினால் புள்ளி இருந்த இடத்துக்கே வந்துவிடும். முப்பது வருஷம் வண்டியோடு கிடந்த மனிதருக்கு அது தெரியாதா?

“தினமும் இல்ல” என்றார் அவசரமாக. “ரொம்ப முனகுன நாள்ல மட்டுந்தான்.”

“எத்தனை நாள்?”

“பதினாலு.”

யோசிக்காமல் சொன்னார். ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருக்கிறார். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எக்ஸ்ரேயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டு மூணு தடவ நான் முழிச்சுத்தான் இருந்தேன்” என்றான், யாரையும் பார்க்காமல்.

டாக்டரம்மா அட்டையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். “மன்னிச்சிடுங்கம்மா” என்றார்.

அன்றைக்கே படுக்கை கிடைத்தது. மறுநாள் காலை எலும்பை மறுபடி அறுத்தார்கள். ஏழாம் நாள் மத்தியானம் சிஸ்டர் ஸ்பேனரோடு கட்டிலருகே வந்தார். இன்னும் இருபத்துநாலு மில்லிமீட்டர். முதலிலிருந்து.

“யாரு திருகப்போறீங்க?”

“இவதான்” என்றான் கணவன். இந்த ஒரு வாரமாக அவளிடம் பூப்போலத்தான் பேசுகிறான். “இவளத் தவிர வேற யாரையும் நம்ப முடியாது சிஸ்டர்.”

“ஆமாம்மா, நீதான் பண்ணணும்” என்றார் மாமனார். “இனிமே என் கை அதுல படாது. உனக்குத்தான் அந்த மனத்திடம் இருக்கு. எங்களுக்கெல்லாம் வராது.”

ஒரு மாதமாக இந்த வீட்டில் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவள் அவள். இப்போது அது வந்தேவிட்டது, இருபத்துநாலு நாளையும் தூக்கிக்கொண்டு. நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு நாலு நட்டு. சிஸ்டரிடமிருந்து ஸ்பேனரை வாங்கினாள். வாங்கி, மாமனாரிடம் நீட்டினாள்.

“மத்தியானமும் சாயங்காலமும் நீங்க திருகுங்க மாமா. காலையும் ராத்திரியும் நான் பாத்துக்கிறேன்.”

அவர் ஓரடி பின்வாங்கினார். “நானா? என்னம்மா விளையாடுற? என்னால முடியாதும்மா. அவன் கத்துறதக் கேட்டா எனக்குக் கையெல்லாம் ஆடும். முடியவே முடியாது.”

“என்னாலயும் முடியாதுதான் மாமா” என்றாள் அவள். குரலில் கோபமில்லை, களைப்பு மட்டும்தான் இருந்தது. “முடியாமதான் முப்பது நாளும் திருகினேன்.”

பெரியவர் கையை நீட்டினார். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. சிஸ்டர் ஸ்பேனரோடு அதைப் பிடித்து முதல் நட்டின்மேல் வைத்தார்.