உள்கொடி

கெய்ரோவில் நாங்கள் போர்வையை வெளிக்கொடியில் போட்டு, அதன் மறைவில், உள்கொடியில்தான் ஜட்டி உலர்த்துவோம். ஊரையே பொசுக்கும் வெயில் அதற்கு மட்டும் கிடையாது. கல்யாணச் சீராக வந்த இறுக்கமான நைலான் ஜட்டிகளை ஈரம் காயாமலே போட்டு, எனக்கு அரிப்பு தாங்கவில்லை.

"பருத்தியில, தொளதொளன்னு போடும்மா. வெயில்ல காயப்போடு" என்றார் டாக்டரம்மா.

தொளதொளப்பான பருத்தி ஜட்டிகளை வாங்கி, துவைத்து, துணிந்து வெளிக்கொடியில் போட்டேன். காற்றில் ஒன்று கீழ்வீட்டுப் பால்கனியில் விழுந்தது. கீழ்வீட்டு இன்ஷிராஹ் அக்கா அதைக் கறுப்புப் பையில் மறைத்துக் கொண்டுவந்தாள்.

"ஏம்மா, இது உன்னுதா?"

பக்கத்தில் மாமியார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஐயோ, என்னுது இல்லக்கா!"

"என்னுதுதான், குடு" என்று மாமியார் பையை வாங்கிக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"எனக்கும் ரொம்ப வருஷமா அரிப்புதான்டி. இது போட்டா நிக்குமா?"