கோட்டுக்கு வெளியே இரண்டு நிமிடம்

1

அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துவிட்டால் அப்படி என்ன குடிமுழுகிப்போகும்?

இந்த நினைப்பு என்னுடையதல்ல, என் நாத்தனாருடையது. தொலைபேசியில் சொன்னாள். கேட்டதுமே கதையாக எழுத எனக்குக் கை அரித்தது. (அவளிடம் அனுமதி கேட்கவில்லை. பிறகு கேட்டேன்.)

சூரியன் சீறும் நாட்களில் கதிர்வீச்சுத் துகள்கள் வந்து துருவங்களின் மேல் கொட்டும். வட துருவத்தைக் கடக்கும் செயற்கைக்கோள் அவற்றை எண்ணும். எதுவரை கொட்டுகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டு, அதற்கு வடக்கே பறக்க வேண்டாமென்று விமான நிறுவனங்களுக்கு அனுப்புவது அவள் வேலை செய்யும் அலுவலகம். போன வாரம் கோட்டுக்குத் தெற்கேயும் இரண்டு நிமிடம் எண்ணிக்கை எகிறியது. வரைபடமோ ஏற்கெனவே போய்விட்டது. ‘கருவிக் கோளாறு’ என்று அதை நீக்கிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேலாளர். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பவரும் அவர்தான்.

2

விண்வெளியின் பேரமைதியில் ஒரு

வேண்டாம்.

சிறுவயதிலிருந்தே அவளுக்கு வானம் என்றால்

பொய். கணிதத்தில் இடம் கிடைக்காமல் இயற்பியலுக்குப் போனவள்.

3

அவள் கணவரை விமானியாக்கி, அந்தக் கோட்டை ஒட்டிய பாதையிலேயே பறக்கவிட்டுப் படித்துக் காட்டினேன்.

“அண்ணி, அவர் பல் டாக்டர். அவரை எதுக்கு ஏத்தி விட்டீங்க?”

“நீ கையெழுத்துப் போடத் தயங்குறதுக்கு ஒரு காரணம் வேணுமே.”

“செயற்கைக்கோள் அடுத்த சுத்து வந்தப்பவும் அதே இடத்துலதான் எண்ணிக்கை ஏறுச்சு. கோளாறுன்னா சொல்லிவெச்ச மாதிரி அங்கேயேவா ஏறும்? இது போதாதா?”

“வாசகருக்குப் போதாது.”

“அப்ப அந்த வாசகரை எங்க ஆபீசுக்கு அனுப்புங்க. மேலாளரோட நல்லா ஒத்துப்போவாரு.”

[அடிக்குறிப்பு: விமானத்தில் யாரும் சாகப்போவதில்லை. அடிக்கடி அந்த வழியில் போகும் பணிப்பெண்ணின் உடம்பில் கதிர்வீச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு உச்சக்கட்டம் எழுதச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?]

4

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறாள். முடிவு ஆ: பத்திரிகைக்காரரைச் சந்தித்து, (இவளா? பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்தவே யோசிப்பவள்.)

5

நேற்று நடந்ததை அவள் சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

மேலாளர் அவள் மேசையருகே வந்து நின்றார். “ரெண்டே நிமிஷம்மா. ஏன் இழுத்தடிக்கிற?”

அவள் கையெழுத்துக்கு வந்த தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். “நான் எடுக்கல சார். எடுக்கணும்னா உங்க பேர் போட்டு எடுத்துடுங்க.”

அவர் பேனாவைத் திறந்தாரா? ஒப்பந்தம் என்ன ஆயிற்று? அது தெரியாமல் கதையை எப்படி முடிப்பது? மூன்று முறை கேட்டுவிட்டேன்.

“அதை மட்டும் சொல்ல மாட்டேன் அண்ணி,” என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.