திரைக்கு இந்தப் பக்கம்

இசைக்குழுவில் அவளை ‘ரெட்டை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். கேலிக்குள் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. வயலினும் பியானோவும் சேர்த்துப் படித்தவர்கள் எத்தனையோ பேர். ஒன்று கைக்கு வந்ததும் மற்றதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இவள் இரண்டையும் விடவில்லை. முதல் வயலின் வரிசையில் அவளுக்கு நிரந்தர நாற்காலி. பியானோ வேண்டிய நிகழ்ச்சி என்றால் வில்லை வைத்துவிட்டு எழுந்துபோய் அங்கே உட்கார்ந்துவிடுவாள். இரண்டிலும் அவளைக் குறை சொல்ல யாரும் வாயெடுத்ததில்லை.

கடைசியில் அந்தக் கைதான் அவள் காலை வாரியது.

ஒரு ஒத்திகையில், வேகமான இடம் ஒன்றில், இடது கைச் சுண்டுவிரல் தந்தியில் விழாமல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. பிடிப்பு என்று நினைத்தாள். தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், ஒரு வாரம் வயலினைத் தொடாமல் இருந்தாள். திரும்ப எடுத்தபோது சுண்டுவிரலோடு மோதிர விரலும் சேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், வயலினைக் கீழே வைத்துவிட்டால் கையில் ஒரு கோளாறும் இல்லை. அதே விரல்கள் மகளுக்குப் பின்னல் போட்டன, ஊசியில் நூல் கோத்தன, பியானோவில் துள்ளி ஓடின. வயலின் கழுத்தைப் பிடித்தால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

நரம்பியல் மருத்துவர் நல்லவர். பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. கையில் எதுவும் இல்லை, மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக இருக்கும் இடம் ஒன்றோடொன்று குழம்பிவிட்டது, ஒரே அசைவை வருடக்கணக்கில் பழகுகிறவர்களுக்குச் சில சமயம் இப்படி வரும் என்றார். பயிற்சி செய்து பார்க்கலாம், ஊசி போட்டுப் பார்க்கலாம், பழையபடி வரும் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றார்.

“பியானோ வாசிக்கலாமா டாக்டர்?”

“வாசிங்க. இப்போதைக்கு அது நல்லாத்தான் இருக்கு.”

‘இப்போதைக்கு’ என்ற அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்தாள்.

மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. உனக்கென்ன, இன்னொரு வாத்தியம் இருக்கிறதே என்றார்கள். வீட்டில் ஒரு பிள்ளை படுத்த படுக்கையாகிவிட்டால், இன்னொன்று ஓடியாடுகிறதே என்று யாராவது ஆறுதல் சொல்வார்களா? அவள் தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்த கணவன் ஒருவன்தான் அப்படிச் சொல்லவில்லை. “பஸ்ல கண்டக்டர் சீட்டு கொடுப்பாரு. உங்க குழுவை நடத்துற கண்டக்டர் சீட்டைக் கிழிச்சிட்டாரு” என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

குழு அவளை அடியோடு கைவிடவில்லை. பியானோ தேவைப்படும்போது கூப்பிடுகிறோம் என்றார்கள். நாற்காலி மட்டும் காலியானது. அதற்குத் தேர்வு அறிவித்தார்கள். விண்ணப்பித்தவர்களில் அவள் தங்கையும் ஒருத்தி.

தங்கை நாடக அரங்கு ஒன்றில், மேடைக்குக் கீழே இருட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்து வயலின் வாசிப்பவள். அக்காவிடமில்லாத ஒரு குழைவு அவள் வில்லில் உண்டு. அதை அக்காவே பலரிடம் சொல்லியிருக்கிறாள். ஒரே குறை, பயந்தால் ஓடுவாள். யாரோ துரத்துவதுபோல வேகம் ஏறிக்கொண்டே போகும்.

விண்ணப்பிக்குமுன் தங்கை வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள். “உனக்குக் கஷ்டமா இருக்கும்னா வேண்டாம்க்கா. நான் போகல.”

“யாரோ உட்காரப்போற இடம்தானே. நீயே உட்காரு” என்றாள் அக்கா. மனதாரத்தான் சொன்னாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குழுவின் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். போட்டியாளர்களுக்குப் பியானோ வாசிக்க வேண்டியவருக்கு அம்மை போட்டிருக்கிறதாம். இவளைக் கேட்பது முறையில்லை என்று தெரியும், ஆனால் இந்த அவசரத்தில் வேறு யாருக்கும் தேர்வுக்கு வைத்த பாட்டு கைவசம் இல்லை என்று இழுத்தார். தன் தங்கையும் வருகிறாளே என்று இவள் சொன்னதற்கு, திரைக்குப் பின்னால் யார் வாசிக்கிறார்கள் என்று நடுவர்களுக்குத் தெரியப்போவதில்லை, உங்களுக்குத் தெரிந்தால் என்ன என்றார்.

மாட்டேன் என்றிருக்கலாம். கணவனும் அதைத்தான் சொன்னான். ஆனால் முன்பின் தெரியாத யாரோ பியானோவில் உட்கார்ந்தால் தங்கை இன்னும் பயந்து ஓடுவாள். தான் இருந்தால் இழுத்துப் பிடிக்கலாம். ஒப்புக்கொண்டாள்.

அரங்கில் மேடையை மறைத்துக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் மூன்று நடுவர்கள், இந்தப் பக்கம் பியானோவும் அவளும். காலடிச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம் விரித்திருந்தார்கள். குரல் கேட்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் தகுதி போய்விடும். போட்டியாளர்கள் ஒவ்வொருவராக வந்து, கண்ணால் கேட்டுச் சுருதி சேர்த்து, வாசித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே பாட்டு. அவளே அந்த நாற்காலியில் இருந்தபோது பலமுறை வாசித்தது.

தங்கை வந்தாள். முகம் வெளிறியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள். ஆரம்பம் அப்படி ஒரு அழகு. திரைக்கு அப்பால் யாரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் சத்தம் அக்காவுக்குக் கேட்டது. தங்கைக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள்.

இரண்டாம் பக்கத்தில் ஓட்டம் தொடங்கியது. அக்கா இடது கையை அழுத்திப் போட்டுத் தாளத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தாள். தங்கை கேட்கும் நிலையில் இல்லை. வேறு வழியில்லாமல் அவளும் பின்னாலேயே ஓடினாள். தங்கை ஒரு வரியைத் தாண்டிக் குதித்தாள். இவளும் கூடவே குதித்தாள். அதோடு வில் அந்தரத்தில் நின்றுவிட்டது.

அடுத்த இடம் என்னவென்று இவளுக்குத் தெரியும். விரல் எங்கே விழ வேண்டும், வில் எந்தப் பக்கம் போக வேண்டும், எல்லாம் தெரியும். எழுந்துபோய் அந்த வயலினை வாங்கி வாசித்துக் காட்ட முடியாது. கை இருந்தாலும் முடியாது, இப்போது கையும் இல்லை. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவும் வழியில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. முந்தைய வரியைப் பியானோவில் மறுபடி வாசித்து, தங்கை நுழைய வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். தங்கை வில்லை உயர்த்தினாள், இறக்கிவிட்டாள். அக்கா இன்னொரு முறை வாசித்தாள், மெதுவாக, வாடி என்று கூப்பிடுவதுபோல. தங்கையின் வில் உயரவே இல்லை. மூன்றாவது முறை தொடங்கும்போது திரைக்கு அப்பாலிருந்து மணி அடித்தார்கள்.

தங்கை வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, கம்பளத்தின் மேல் சத்தமில்லாமல் போனாள். பின்னால் போக முடியவில்லை. அடுத்த ஆள் அதற்குள் உள்ளே வந்துவிட்டான்.

தாடி வைத்த, சட்டை கசங்கிய ஒருவன். வில்லைத் தந்தியில் வைத்த மறுகணமே தெரிந்துவிட்டது. அவன் வாசிப்பு, மூச்சு விடும் இடம் வரைக்கும், அவள் வயலின் வாசித்த விதம்போலவே இருந்தது. அவள் விரும்பவில்லை. தங்கை வாசலில் அழுதுகொண்டிருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கைகள் அவளைக் கேட்கவில்லை. அவன் வளைந்த இடத்தில் வளைந்தன, அவன் விட்ட இடத்தில் ஏந்திக்கொண்டன. பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு முழுக்கச் சங்கீதம் ஓடியது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை.

நாற்காலி அவனுக்குத்தான் என்று மாலையில் அறிவித்தார்கள்.

தங்கை அதுவரை போகவில்லை. நடைக்கூடத்து பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைத் தொடப்போனாள், தங்கை விலகினாள்.

“எனக்குப் பிறகு வந்தவனுக்கு நீ வாசிச்சதைக் கதவு வழியா கேட்டேன்க்கா.”

அக்கா நீட்டிய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சந்தோஷமா வாசிச்ச. எனக்கு வாசிக்கும்போது பயந்து பயந்து வாசிச்ச.”

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பொய் என்று தங்கைக்குத் தெரிந்துவிடும். அவள் காது அப்படிப்பட்டது.

“ஆமாடி” என்றாள் அக்கா. “என்னால ஒண்ணும் பண்ண முடியல.”

தங்கை எழுந்து போனாள். கோபமாகக்கூடப் போகவில்லை, அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அதன்பிறகும் தங்கை வீட்டுக்கு வருவாள், மகளுக்குப் பழம் வாங்கி வருவாள், எல்லாம் பேசுவாள். வயலினை மட்டும் கொண்டுவர மாட்டாள். சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை.

தாடிக்காரன் மரியாதை தெரிந்தவன். ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் முதலில் பியானோ பக்கம் வந்து அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தன் இடத்தில் உட்காருவான். அவளும் பதிலுக்குச் சிரிப்பாள். பிறகு இடது கையைக் கட்டைகள்மேல் வைத்து, யாரும் கவனிக்காதபடி, சுண்டுவிரலை ஒருமுறை நீட்டிப் பார்த்துக்கொள்வாள்.