வெந்நீருக்குப் போகாத கறை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. ‘வீட்டில் துணி துவைப்பதில் நாம் நம்பும் பொய்கள்’ என்று பத்திரிகையின் மாதர் பகுதிக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். நீலம் கூடினால் வெள்ளை கூடும், நுரை பொங்கினால் அழுக்கு போகும் என்று எழுதிக்கொண்டே வந்தவன் மூன்றாவதில் நின்றுவிட்டேன். ‘எந்தக் கறையும் வெந்நீருக்குப் போய்விடும்.’ இதை நம்பித்தான் மலாயாவில் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முத்தாயி என்பவள் புருஷனைப் பறிகொடுக்கப் பார்த்தாள். அவளை விட்டுவிட்டு நான்காவது பொய்க்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

2.

முத்தாயி நிலவைப் போன்ற முகமும் – [அடித்துவிட்டேன். முகத்துக்கு இங்கே வேலையில்லை.]

1951, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரப் பட்டாளம் வேட்டையாடிய அவசரகாலம். முந்தின நாள் காட்டோரத்தில் துப்பாக்கிச் சண்டை. காயம்பட்ட காட்டுக்காரன் ஒருவனைத் தோட்டத்து ஆள் யாரோ தூக்கிப் போனதாகப் பேச்சு. மறுநாள் மத்தியானம் பட்டாளம் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை வளைத்து, வீடு வீடாக ரத்தம் பட்ட துணியைத் தேடியது. முத்தாயியின் புருஷன் மாயாண்டிக்கு அன்று காலைதான் ரப்பர் பால் தூக்கி வரும்போது மூக்கில் ரத்தம் கொட்டியிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, சட்டை மார்பெல்லாம் ரத்தம். மூக்கு என்றால் பட்டாளத்தான் நம்புவானா?

முத்தாயி கொதிக்கிற உலைத் தண்ணீரை வாளியில் கவிழ்த்துச் சட்டையை முக்கினாள். ரத்தம் வெந்து, நூலோடு ஒட்டிப் பழுப்பாக நின்றுவிட்டது. சவுக்காரம் கரைந்ததே தவிர கறை அசையவில்லை.

(எரித்திருக்கலாமே என்பீர்கள். அப்படியும் ஒரு வரைவு எழுதினேன். பட்டாளம் மூன்று வீடு தள்ளி நிற்கையில் எவளும் அடுப்பில் துணியைப் போடமாட்டாள். அந்த வரைவைக் கிழித்துப் போட்டேன்.)

3.

இங்கே பக்கத்து வீட்டுக் காளியம்மா வர வேண்டும். எனக்கு இவளிடம் முழு நம்பிக்கை இல்லை. “சுடுதண்ணில துணி வேகும், வெளுக்காது” என்று குழாயடியில் இவள் சொல்லப்போய், சண்டை முற்றி, ஆறு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. குத்திக்காட்ட இதைவிட நல்ல நேரம் அவளுக்கு வாய்க்காது. நானாக இருந்தால் குத்திக்காட்டியிருப்பேன்.

பின்பக்கமாக வந்தவள் வாளியைப் பார்த்தாள்.

“ரத்தமா?”

“அவருக்கு மூக்குல வந்துச்சுக்கா. பச்சத்தண்ணில போட்டிருக்கணும்.”

“அத அப்பறம் பேசலாம்லா. சட்டைய விரி.”

வாய் நிறைய மென்றுகொண்டிருந்த வெற்றிலையைப் பழுப்பின்மேல் துப்பினாள். துப்பித் தேய்த்து, கொடியில் போட்டாள். அதற்குள் பட்டாளத்தான் வந்துவிட்டான். மொழிபெயர்க்கத் தோட்டத்துக் கணக்கர், கிராணி தம்புசாமி கூடவே வந்திருந்தார். அவர் சட்டையைக் காட்டிக் கேட்டார்.

“நான்தான் துப்புனேன் கிராணி ஐயா. இவளுக்கும் எனக்கும் ஆவாது. லயத்துல யார வேணா கேளுங்க.”

கேட்டார்கள். கேட்ட வீடெல்லாம், ஆமாம் ஐயா, ரெண்டு பேருக்கும் ஆகாது என்றது. யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டாளத்தான் காளியம்மாவின் சிவந்த வாயைப் பார்த்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். எழுதுகிற எனக்கே அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

4.

மாயாண்டி உள்ளே சோறு தின்கிறான். இதோடு முடித்துவிடலாம், ஆனால் முத்தாயி ஏதாவது சொல்ல வேண்டுமே. ‘நன்றி அக்கா’ என்று எழுதிப் பார்த்தேன். அது மேடைச் சொல், அவள் வாயில் நிற்கவில்லை. மலாய்க்காரரிடம் தெரிமா காசே என்பாள், துரையிடம் தேங்க்யூ என்பாள். சொந்தச் சனத்துக்குச் சொல்ல லயத்தில் ஒரு சொல் கிடையாது.

முடிவு ஒன்று: காலில் விழுகிறாள். [காளியம்மா திட்டுவாள்.]

முடிவு இரண்டு: ஒன்றுமே சொல்லாமல், மறுநாள் குழாயடியில் காளியம்மாவின் வாளியை முதலில் வைத்து – [பிடித்திருக்கிறது. ஆனாலும் போதவில்லை.]

முத்தாயி இப்போது பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறாள். “அக்கா” என்றுவிட்டாள். காளியம்மா நிமிர்ந்து பார்க்கிறாள்.

அடுத்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கும் இப்படி ஒருத்தி இருந்திருப்பாள். அவளிடம் நீங்கள் சொன்னதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் சொல்லவில்லையென்றால் இதை மூடி வைத்துவிட்டு எழுந்து அவளிடம் போங்கள். முத்தாயி நிற்பாள்.