மூன்றாவது அலமாரி மின்சாரம்

அனல்மின் நிலையத் தொழிலாளர் நூலகத்தின் மூன்றாவது அலமாரியில் இருந்த புத்தகங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தன. அன்றைக்கு நூலகத்தில் ஃபியூஸ் கட்டையே இல்லை. எலெக்ட்ரீஷியன் அதைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி முந்தின நாள் கழற்றியவன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே சினிமாவுக்குப் போய்விட்டான். புழுக்கம் தாங்காமல் நூலகர் அம்மாள் காற்றாலைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை விசிறிக்கொள்ள எடுத்து, எடுத்ததுதான் எடுத்தோம் என்று முதல் பக்கத்தைப் படித்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. யாரோ கூப்பிட்டார்கள் என்று புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார், விசிறி நின்றது. திரும்பி வந்து அடுத்த பக்கத்தைப் படித்தார், சுற்றியது. அவர் அதிகமாக ஆச்சரியப்படவில்லை. ஃபியூஸ் இருந்த நாட்களிலேயே பாதி நேரம் சுற்றாத விசிறி அது. எது சுற்ற வைத்தாலும் லாபம்தான் என்று அத்தியாயத்தை முடித்துவிட்டே எழுந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர் அதே மின்நிலையத்தில் பாய்லர்காரர். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த அலமாரியைப் பற்றி இந்த வீட்டில் பேச்செடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். காரணம் இருந்தது. சில வருடங்களில் இந்தப் புகைபோக்கியை மூடிவிடப் போகிறோம் என்று தலைமை அலுவலகம் அறிவித்த கையோடு, தொழிலாளர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இரண்டு மரப்பெட்டி நிறையப் புத்தகங்களையும் அனுப்பியிருந்தது. வெயில், காற்று, கடல் அலை, பூமியின் உள்சூடு, நிலக்கரியும் எண்ணெயும் இல்லாமல் உலகம் எப்படி ஓடும் என்று எல்லாமே அந்த ரகம். வேலையையும் பிடுங்கிக்கொண்டு விளக்கவுரையும் அனுப்புகிறார்களா என்று தொழிற்சங்கம் கொதித்தது. பாய்லர்காரர் கொதிக்கவில்லை. அந்த அலமாரியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். மனைவி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க நூலகத்துக்கு வந்தால்கூட, இரண்டாவது அலமாரியோடு நின்று, கையை நீட்டித்தான் கொடுப்பார்.

அவருடைய பெருமை சின்னப் பெருமை இல்லை. ஊரில் எந்த வீட்டில் யார் ஸ்விட்ச் போட்டாலும், தனக்கு யாரோ வணக்கம் சொன்ன மாதிரி லேசாகத் தலையை அசைப்பார். அவருடைய ஷிஃப்டில் தீ அணைந்ததில்லை, ஊர் இருண்டதில்லை. பாய்லர் கூடத்தில் தீயைக் கைமாற்றிவிடுவதற்கு ஒரு முறை உண்டு. ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதிவிட்டது என்பதற்காக யாரும் கிளம்பிவிட முடியாது. அடுத்து வருகிறவர் பார்வைத் துளையில் கண்ணை வைத்து, தழலின் நிறத்தைப் பார்த்து, "தீ என் கையில" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை தீ பழைய ஆளின் கையில்தான். அடுத்த ஆள் வந்து அதைச் சொல்லாததால் கல்யாண வீட்டுக்குப் போக முடியாமல் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் பாய்லர் முன்னாலேயே நின்ற கதையும் உண்டு.

புத்தகங்களின் குணத்தைக் கண்டுபிடித்தவன் ஃபியூஸ் கட்டையோடு சினிமாவுக்குப் போன அந்த எலெக்ட்ரீஷியன். நூலகர் அம்மாளின் தம்பி அவன், அதாவது பாய்லர்காரரின் மச்சினன். புத்தகத்தின் முதுகுத் தையலில் கம்பியைச் செருகி, மறுமுனையில் ஒரு பல்பை மாட்டினான். வெயில் புத்தகத்தைப் படித்தால் பல்பு எரிந்ததோடு பக்கமும் சுட்டது. அலைப் புத்தகத்தைப் படித்தவர்களின் விரலில் உப்பு பூத்தது. பூமியின் உள்சூட்டைப் பற்றிய புத்தகத்தின் மேல் டீ டம்ளரை வைத்தால் ஆறுவதில்லை. ஒருவர் ஒரு பக்கத்தை முதல் தடவையாகப் புரிந்துகொள்ளும்போதுதான் மின்சாரம் வந்தது. அதே ஆள் அதே பக்கத்தை மறுபடி படித்தால் மின்மினி அளவுக்குத்தான். புரியாமல் புரிந்த மாதிரி தலையாட்டினால் பல்பு கண்ணடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இதனால் ஊரில் பொதுவாகவே பொய் கொஞ்சம் குறைந்தது.

பாய்லர் கூடத்து ஆட்கள் படிக்க வந்த முதல் நாள் நடந்தது வேறெங்கும் நடந்திருக்காது. அதிகம் போட்டால் அதிகம் எரியும் என்பது அவர்கள் கையோடு ஊறிய பழக்கம். ஒருவர் நடுவில் உட்கார, மற்றவர்கள் வரிசையாக நின்று புத்தகங்களை எடுத்து எடுத்துக் கொடுக்க, அவர் கரி தள்ளுகிற வேகத்தில் பக்கங்களைத் தள்ளித் தள்ளி அலமாரியையே காலி செய்தார். பல்பு எரியவில்லை. அவருக்குத் தலைசுற்றல்தான் வந்தது. நூலகர் அம்மாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, இந்தப் பாய்லருக்கு ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தீனி என்று சொல்லி, எல்லாப் புத்தகத்தையும் திரும்ப அடுக்க வைத்தார். அப்புறம் அவர்களே ஊரின் மிகச் சிறந்த வாசகர்கள் ஆனார்கள்.

அந்த வருடமே நூலகத்திலிருந்து மருத்துவமனைக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கம்பி இழுத்தார்கள். சங்குக்குச் சங்கு வாசகர்கள் மாறினார்கள். படிக்கிறவர் ஒரு வரியில் விரலை வைத்திருக்க, அடுத்தவர் அதே வரியில் தன் விரலை வைத்து, "தீ என் கையில" என்பார். அப்புறம்தான் முதல் விரல் நகரும். பாய்லர் கூடத்துச் சொல்லை நூலகத்துக்குக் கடத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு பாய்லர்காரர் முகம் சுளித்தார். அட்டைக்கும் காகிதத்துக்கும் என்னய்யா தீ என்று மட்டும் கேட்டார்.

மச்சினன் சும்மா விடுவானா? ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தான். "மாமா, உங்க பாய்லருக்கு ஒரு மலை நிலக்கரி வேணும். எங்க அக்காவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி போதும்."

"உங்க அக்கா கண்ணாடியைக் கழட்டினா ஆஸ்பத்திரி இருட்டாயிடும். நான் தும்மினாலும் என் தீ எரியும். நீ சாப்பிடு."

நூலகர் அம்மாள் இரண்டு பேர் தட்டிலும் சாதத்தைப் போட்டாரே தவிர, யார் பக்கமும் பேசவில்லை. கணவரைப் படிக்கச் சொல்லி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வருடங்கள் ஓடின. படித்தவர்கள் படித்ததோடு நிற்கவில்லை. சாம்பல் கொட்டி வைத்திருந்த வெளியை மட்டமாக்கி வெயில் பலகைகளை நட்டார்கள். கரி இறக்கிய கிரேன்களைக் கொண்டே மேட்டின் மேல் காற்றாலைகளைத் தூக்கி நிறுத்தினார்கள். டீக்கடையில் இறக்கையின் நீளத்தைப் பற்றிக் கைகலப்பு வரை போனது. புருஷன் பெண்டாட்டி சண்டையில்கூட பேட்டரியைப் பற்றிய பேச்சு வந்தது. மலை மலையாகக் கரி எரித்துப் பிழைத்த ஊர், மேலே பார்த்துப் பிழைக்கப் பழகியது. ஆனால் அதற்குள் ஊர் மொத்தமும் அலமாரி மொத்தத்தையும் படித்து முடித்திருந்தது. பிள்ளைகள்கூட அட்டை முதல் அட்டை வரை அறிந்திருந்தார்கள். நூலகர் அம்மாள் மட்டும் ஒரு புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தைப் படிக்காமல், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மிச்சம் வைத்திருந்தார்.

பாய்லரை அணைக்கிற நாள் வந்தது. பிற்பகல் சங்கோடு அணைப்பது, அதே நிமிடம் சாம்பல் வெளியிலிருந்து புதிய மின்சாரத்தை ஊருக்குத் திருப்பிவிடுவது என்று ஏற்பாடு. வேறு யாரையாவது விட்டு அணைக்கச் சொல்லட்டுமா என்று மேலாளர் தயக்கத்தோடு கேட்டதற்கு, ஏற்றியவன் நான்தான், வேறு கை படக்கூடாது என்றார் பாய்லர்காரர். கரி வரத்தை நிறுத்தினார். தழல் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகி, சிவப்பும் கறுத்தது. சங்கு ஊதியது. அவர் நகரவில்லை. பார்வைத் துளையில் கண்ணை வைத்து அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. வாங்க அங்கே எதுவும் இல்லை.

அப்போதுதான் சேதி வந்தது. சாம்பல் வெளியில் மண் தோண்டிய இயந்திரம் ஒன்று, நிலத்தடியில் பதித்த கேபிளை வெட்டிவிட்டது. புதிய மின்சாரம் முழுதும் அந்த ஒரே கேபிளில்தான் வர வேண்டும். இருட்டுவதற்குள் ஒட்டிவிடுகிறேன் என்று மச்சினன் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தான். பாய்லரைத் திரும்ப ஏற்ற வழியில்லை, கரி வரும் கன்வேயர் பட்டையை அன்று காலையிலேயே பிரித்துவிட்டார்கள். மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் சூட்டுப் பெட்டிக்குள் இருந்தன. நூலகர் அம்மாள் மிச்சம் வைத்த அத்தியாயத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். அது மெலிந்த அத்தியாயம் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

தன் வேலையின் கடைசி நாளில், தன் கையாலேயே ஊர் இருளப் போகிறது என்பதைப் பாய்லர்காரர் நின்ற இடத்திலேயே புரிந்துகொண்டார். குழாயில் கையைக் கழுவினார். கரி முழுதாகப் போகவில்லை, அது எப்போதும் போனதில்லை. தொப்பியைக்கூடக் கழற்றாமல் தெருவழியே நடந்தார். கதவுகளில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். நூலகத்தில் ஊரே கூடியிருந்தது. எல்லோரும் படித்து முடித்தவர்கள், எவராலும் ஒரு மின்மினிக்கு மேல் தர முடியாது. நடுவில் நூலகர் அம்மாள் கடைசிப் பக்கத்தில் இருந்தார். அவர் படிப்பதில் எரிந்துகொண்டிருந்த நூலக வாசல் விளக்கு மங்கத் தொடங்கியிருந்தது.

பாய்லர்காரர் இரண்டாவது அலமாரியைத் தாண்டினார். மனைவியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, கறுத்த விரலை அவருடைய விரலுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடிகளால் வெயிலைக் குவித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றுகிற முறையைப் பற்றிய பக்கம் அது. மேலே வேண்டுமானால் சூரியன் இருக்கலாம். ஆவி சேர்கிற டிரம்மிலிருந்து கீழே அது போகிற வழி முழுக்க அவர் வாழ்நாளெல்லாம் நின்ற இடம். வரியைப் படித்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"தீ என் கையில."

நூலகர் அம்மாள் விரலை எடுத்தார். விளக்கு கண்ணடிக்கவில்லை. மங்கியது நிமிர்ந்தது, அப்புறம் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும் அளவுக்குப் பிரகாசமானது. அந்தப் பக்கம் முடிந்ததும் அவர் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். அது முடிந்தால் அலமாரி முழுக்கப் பாக்கி இருந்தது. ஊரிலேயே அதுவரை அந்தப் புத்தகங்களில் ஒரு வரிகூடப் படிக்காத ஆள் அவர் ஒருவர்தான். அதனால் அன்றைக்கு ஊரிலேயே அதிக மின்சாரம் இருந்தது அவரிடம்தான்.

"உங்களைப் படிங்கன்னு நான் ஏன் ஒரு தடவைகூட சொல்லலைன்னு நினைச்சீங்க?" என்றார் நூலகர் அம்மாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "சேமிப்புல வெச்சிருந்தேன்."

"பேசாதேம்மா, ஆவி எறங்கிடும்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

பொழுது சாய்வதற்குள் கேபிளை ஒட்டிவிட்டு, மண்ணும் வியர்வையுமாக மச்சினன் ஓடி வந்தான். புதிய மின்சாரம் ஊருக்குள் வந்துவிட்டது, இனி நிறுத்தலாம் என்றான். பாய்லர்காரர் கையை மட்டும் உயர்த்தி, அத்தியாயம் முடியட்டும் என்று சைகை காட்டினார். அதனால் அன்று மாலை அந்த ஊரில் இரண்டு மின்சாரமும் சேர்ந்து பாய்ந்தது. தெருவிளக்குகளின் வெளிச்சத்தில் பறவைகள் விடிந்துவிட்டதென்று நினைத்து மறுபடி இரை தேடக் கிளம்பின. சூட்டுப் பெட்டியில் இருந்த குழந்தைகள் அந்த வாரமே எடை கூடி வீட்டுக்குப் போயின.

புகைபோக்கி இப்போதும் நிற்கிறது, உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. பாய்லர்காரர் ஓய்வு பெற்று, நூலகத்தில் மனைவிக்கு எதிர் மேஜையில் வேலைக்குச் சேர்ந்தார். யாராவது எங்காவது ஸ்விட்ச் போட்டால் இன்றும் தலையை அசைக்கிறார், பழக்கம்தான். மருத்துவமனைக்கும் மோட்டாருக்கும் போன கம்பிகளைக் கழற்றிவிட்டார்கள், வெயிலும் காற்றும் போதும் என்று ஆகிவிட்டது. நூலகத்தின் வாசல் விளக்குக்குப் போகும் கம்பியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அது எரிந்தால், உள்ளே யாரோ ஒரு பக்கத்தை முதல் தடவையாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தெருவில் போகிறவர்கள் சைக்கிள் மணியை அடிக்காமல் கடந்து போகிறார்கள்.