பூச்சி மாத்திரை

மூன்று வருஷமாகப் பந்தயத்தில் கடைசிக் கும்பலோடு மூச்சிரைத்து வந்தவள், திடுதிப்பென்று போடிமெட்டு ஏற்றத்தை முதல் ஆளாக ஏறி முடித்தால் ஊர் சும்மா இருக்குமா? சிவரஞ்சனிக்குச் சம்பளம் கொடுத்துச் சைக்கிள் ஓட்டவைக்கும் கம்பெனி அணியே சும்மா இல்லை. ரத்தத்தையும் மூத்திரத்தையும் எடுத்து ஊக்கமருந்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, ரிசல்ட் வரும்வரை வீட்டில் இரு என்று சொல்லிவிட்டது.

அவள் முந்தியதற்கு உண்மைக் காரணம், வெளியே சொல்லவே கூசுகிற காரணம். சின்ன வயசிலிருந்தே ஏலத்தோட்டத்து ஈரத்தில் ஆத்தாளோடு வெறுங்காலில் நடந்து காய் எடுத்தவள் அவள். உள்ளங்கால் வழியாக ஏறிய கொக்கிப்புழு வயிற்றில் குடித்தனம் நடத்தி, வருஷக்கணக்காக ரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது. அணிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "இந்த ரத்தத்த வச்சுக்கிட்டா மலை ஏறுனே?" என்று கேட்டார். பூச்சி மாத்திரை, அப்புறம் சில மாசம் இரும்புச்சத்து மாத்திரை. அவ்வளவுதான். புதுப் பலம் எதுவும் வரவில்லை, புழு தின்றுகொண்டிருந்தது அவளுக்கே திரும்பக் கிடைத்தது.

டாக்டரம்மா சொன்னதையே அணி முழுசாக நம்பவில்லை, இவள் சொன்னால் எவன் நம்புகிறான்? மலையடிவாரத்து முந்தல் ஜீப்பு ஸ்டாண்டில் டிரைவர் தங்கபாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். "பூச்சி மாத்திரை தின்னு ஜெயிக்கலாம்னா எங்க வீட்டு நாயிகூட கப்பு வாங்கியிருக்கும் தங்கச்சி."

ஊர் சிரித்ததை அவள் துடைத்துப் போட்டுவிட்டாள். அப்பா சோலை ஒருவர் நம்பினால் போதும் அவளுக்கு. தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுகிறவர் அவர். அவள் மலை ஏறிப் பழகிய காலமெல்லாம், லாரிக்காரன் எவனும் இடித்துவிடாமல் பின்னாலேயே ஜீப்பை உருட்டிக்கொண்டு வந்தவர். அவள் ஓரமாக இறங்கி வாந்தி எடுத்ததையெல்லாம் கூட நின்று பார்த்தவர். ஆனால் இந்தத் தடவை வீட்டுக்கு வந்து அவள் புழு விஷயத்தைச் சொன்னதிலிருந்து அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளை அரித்துத் தின்றது.

செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. சோதனையில் ஒன்றும் இல்லை, அணிக்குத் திரும்பலாம் என்றார்கள். அவள் ஸ்டாண்டுக்கு ஓடினாள். சோலை ஜீப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரிசல்ட்டு வந்துருச்சுப்பா. நான் எந்த மருந்தும் எடுக்கலைன்னு அவுகளே சொல்லிட்டாக."

சோலையின் முகம் மலர்ந்துபோனது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் தலையைத் தடவினார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தவர், அவள் கையைப் பிடித்து ஜீப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"கெட்டிக்காரி ஆத்தா நீ. எங்க மாட்டிக்கிருவியோன்னுதான் எனக்குப் பயமாக் கெடந்துச்சு. டெஸ்ட்டுலயே தெரியாத மருந்துன்னா ஒசத்தியான மருந்துதான். தம்பிக்கு அடுத்த மாசம் போலீசு வேலைக்கு ஓட்டம் இருக்குல்ல? அவனுக்கும் கொஞ்சம் கொண்டா."

அவர் குரலில் குத்தலே இல்லை. மகளை நினைத்து அத்தனை பெருமை. ஊர் கூடிக் காறித் துப்பியிருந்தால்கூட அவளுக்கு இப்படி வலித்திருக்காது. புழுவைப் பற்றி இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று.

"கொண்டாறேன்ப்பா" என்றாள்.