மண்டபம் வரைக்கும்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பொற்கொடி காத்து நின்றது உக்கடம் போகும் டவுன் பஸ்ஸுக்கு. வந்து நின்றதோ ஒரு வெள்ளைக் கார். நேற்றைய ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் பானெட்டில் காய்ந்திருந்தன. முன்பக்கம் கட்டிய வாழைக்கன்று காற்றில் கிழிந்து தொங்கியது. பின் கண்ணாடியை இறக்கி லோகப்பிரியா தலையை நீட்டினாள்.

"அக்கோவ், ஏறுங்க ஏறுங்க. இவருக்கும் லீவுதான். பஸ்ஸுல எதுக்கு இடிபட்டுட்டு, நானே கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு."

ஓட்டுநர் இருக்கையில் லோகப்பிரியாவின் கணவன் மதன்குமார் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் சாராள் ஏற்கெனவே ஏறியிருந்தாள். முன் இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அதன் முதுகைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு தலையணையும் வைத்திருந்தார்கள்.

மூன்று மாதமாகப் பொற்கொடி போட்ட திட்டத்தில் கார் கிடையாது. ஆணும் கிடையாது. பம்புசெட் கம்பெனியில் வைண்டிங் செக்ஷனில் பதினாலு வருஷமாக அவளும் சாராளும், பிறகு வந்து சேர்ந்த லோகப்பிரியாவும் ஒரே மேஜையில் நின்று மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றுகிறார்கள். ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மூவருமாக எங்காவது மலை ஏறிவிட்டு வரலாம் என்று சொன்னவள் பொற்கொடிதான். பெரிய மலையெல்லாம் வேண்டாம், மதுக்கரைப் பக்கம் படிக்கட்டு வைத்த சின்ன மலை போதும் என்று தேடிக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சாராளுக்குச் சர்ச். அதனால் ஆயுத பூஜைக்கு மறுநாள், கம்பெனி மூடியிருக்கும் நாள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. புளிசாதமும் பூஜைப் பொரியும் கையில். காசே செலவில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எந்த பஸ், எத்தனை மணிக்கு, எங்கே மாறுவது என்று ஒரு தாளில் எழுதி ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். தினமும் விடியலில் குளத்துக் கரையில் நடந்து நடந்து காலைப் பழக்கியிருந்தாள்.

தலையணையை எடுத்துப் பின்னால் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இருக்கட்டுங்க அக்கா, சாஞ்சுக்கங்க. குழி இல்லாத ரோடாப் பாத்து ஓட்டறேன்" என்றான் மதன்குமார். சொன்னபடியே செய்தான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை ஊரவிட்டு அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். முட்டை ஏற்றிய வண்டியை ஓட்டுகிற மாதிரி இருந்தது. போத்தனூர் தாண்டும்போது, "கொஞ்சம் வேகமாப் போலாமுங்க" என்றாள் பொற்கொடி. "போலாமுங்க போலாமுங்க" என்று சொல்லிவிட்டு அவன் அதே வேகத்தில் போனான்.

மழை பெய்து மலை பச்சையாக இருந்தது. இந்தப் பக்கம் படிக்கட்டு, பாதியில் ஒரு கல்மண்டபம், உச்சியில் கோயில். மண்டபத்துக்குப் பின்னாலிருந்து சரிவைச் சுற்றிக்கொண்டு ஒரு மண்தடம் மேலே போனது. கீழே இருந்து பார்க்கும்போதே அதில் வெள்ளாடுகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மதன்குமார் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டான். பொற்கொடி கை நீட்டியதும், "வெயிட்டெல்லாம் நீங்க தொடவே கூடாது" என்றான். அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு கார் சாவியை அவளிடம் நீட்டினான். "என்ற டிராக் பேண்ட்டு பாக்கெட்டுல நிக்காதுங்க. இதை மட்டும் பத்திரமா வெச்சுக்கங்க."

அதை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் முன்னால் ஏறினாள். கம்பி சுற்றுகிற கை எதையும் எண்ணாமல் செய்யாது. ஒரு சுற்று தவறினாலும் மோட்டார் எரிந்துபோகும். அதே பழக்கத்தில் படிகளை எண்ணினாள். நூறில் சாராள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்று முழங்காலைத் தேய்த்தாள். நூற்று அறுபதில் மதன்குமாருக்கு மூச்சு வாங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டில் மண்டபம் வந்தது. பொற்கொடிக்கு நெற்றியில் கொஞ்சம் வேர்த்திருந்தது, அவ்வளவுதான். வயிற்றில் தையல் போட்ட இடத்தில் கை வைத்துப் பார்த்தாள். எதுவும் இல்லை. பதினோரு மாதத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்த இடம் அது. அவளுக்குச் சிரிக்கவேண்டும்போல இருந்தது.

மதன்குமார் பையை மண்டபத்துத் திண்டில் வைத்தான். துண்டை எடுத்து ஒரு தூணோரம் தூசி தட்டினான்.

"அக்கா, நீங்க இங்க சித்த நேரம் காத்தாட உக்காந்திருங்க. முக்கா மணி நேரத்துல வந்தர்றோம். வந்து எல்லாரும் சேந்து சாப்பிடலாம்."

"நானும் வாரேனுங்க."

லோகப்பிரியா சட்டென்று தன் போனை அவள் கையில் திணித்து, "அக்கா, முதல்ல எங்க மூணு பேரையும் ஒரு போட்டோ எடுங்க" என்று படியில் போய் நின்றுகொண்டாள். பொற்கொடி போனைத் தூக்கிப் பிடித்தாள். மூவரும் திரையில் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து, அவர்களின் நெற்றிக்கு மேலாக ஒரு மெசேஜ் இறங்கியது. 'பொற்கொடி அக்கா சேஃப்டி' என்ற குரூப்பிலிருந்து. அனுப்பியது ஆறுச்சாமி, அவள் கணவர்.

"மண்டபம் வந்தாச்சுங்களா? உக்கார வெச்சாச்சுங்களா?"

போட்டோவை எடுத்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். லோகப்பிரியா திரையைப் பார்த்ததும் முகம் வெளிறி, புருஷன் பின்னால் போய் நின்றாள். பொற்கொடி அவளை விட்டுவிட்டாள். சின்னப் பெண். சாராள் அப்படியில்லை. சாராளும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"உனக்கும் தெரியுமா சாராளு?"

"உன்ற ஊட்டுக்காரரு போன் பண்ணி அழுவாத கொறையாச் சொன்னாரு புள்ள. மண்டபம் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க, அவ மனசுக்கு நல்லாருக்கும், அதுக்கு மேல விட்றாதீங்கன்னு. ஏதாவதொண்ணு ஆயிப்போச்சுன்னா நாங்க என்னன்னு பதில் சொல்றது?"

"ஆறு மாசம் கழிச்சு எது வேணா செய்யலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீயும் பக்கத்துலதான நின்ன."

"டாக்டரு சொல்லுவாங்க. ஆனா ஊட்டுல இருக்கறவரு..." என்று சாராள் இழுத்தாள்.

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தானுங்க அக்கா" என்றான் மதன்குமார். அவன் குரலில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. ஒருவனாவது கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"சரிங்க. போயிட்டு வாங்க" என்றாள்.

வாயில் வந்தது அதுதான். பிறந்ததிலிருந்து பழகிய வாய். அவர்கள் நிம்மதியாகப் படியேறினார்கள். சாராள் முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். உறுத்தலோடு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பொற்கொடி அவளைப் பார்த்தபடியே இருந்தாள், கை அசைக்கவில்லை.

தூணோரம், தூசி தட்டிவைத்த இடத்தில் உட்கார்ந்தாள். 'அவளால ஆகாதுங்க.' பதினோரு மாதமாக ஆறுச்சாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம். குடத்தைத் தூக்கினால் ஓடிவந்து பிடுங்குவார், அவளால ஆகாதுங்க. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போனால் கையைப் பிடித்து இழுத்துக் கிழவிகள் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார், அவளால ஆகாதுங்க. பார்த்தவர்களெல்லாம் இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்றார்கள். அவளும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தாள். நினைக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் அதற்கு முந்திய இரண்டு வருஷம்? மாதத்தில் இருபது நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. துணியை இரண்டாக நாலாக மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நின்றபடியே கம்பி சுற்றினாள். சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வந்து, வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்ற வைத்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்து நின்ற ஒரு நாளில் ஆறுச்சாமி டிவியிலிருந்து பார்வையை எடுக்காமல், "இன்னைக்கு ரசம் வேண்டாம் அம்மணி, பருப்புச் செஞ்சுபோடு" என்றார். அப்போது யாரும் குரூப் ஆரம்பிக்கவில்லை. யாரும் தூசி தட்டி உட்காரச் சொல்லவில்லை. உட்காரவேண்டிய காலமெல்லாம் நிற்க விட்டுவிட்டு, காலில் பலம் திரும்பி வந்தபிறகு எல்லோருமாகச் சேர்ந்து உட்கார வைக்கிறார்கள். அந்தக் காலத்துக்கும் சேர்த்து இப்போதே அன்பு காட்டி முடித்துவிடுவார்களாம்.

மண்டபத்துக் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து பைக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தது. அவளைப் பார்த்தது. அவள் அதைப் பார்த்தாள். புளிசாதத்துக்காக மூன்றரை மணிக்கு எழுந்திருந்தாள். கடலையைத் தனியாக வறுத்துப் போட்டிருந்தாள். சாப்பாட்டுப் பைக்குக் காவலாக வைக்கப்பட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். மண்டபத்தின் பின்பக்கம் போய், ஆடுகள் போன தடத்தில் காலை வைத்தாள். நாலடி போவதற்குள் பின்னால் டிபன் பாக்ஸ் உருளும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

தடம் படிக்கட்டைப்போல நேராகப் போகவில்லை. மலையின் முதுகைச் சுற்றிச் சுற்றிப் போனது. மழையில் அரித்த இடங்களில் செருப்பு வழுக்கியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். புதர் முள் புடவையைப் பிடித்தது, இழுத்துக் கிழித்துக்கொண்டு நடந்தாள். எண்ணவில்லை. ஒரு இடத்தில் பாறையைப் பிடித்து, காலைத் தூக்கி வைத்து ஏறும்போது அடிவயிற்றில் சுரீரென்று ஏதோ இழுத்தது. அப்படியே நின்றாள். வலியா, பழகாத தசையா, தெரியவில்லை. அது என்னவாக இருந்தாலும் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று நினைத்தாள். இனி இந்த உடம்பில் நடப்பது எதையும் எவரிடமும் சொல்லப்போவதில்லை. இழுப்பு மெல்லக் குறைந்ததும் அடுத்த காலை வைத்தாள்.

உச்சியில் யாரும் இல்லை, அவள் சுற்றி வருவதற்குள் அவர்கள் படிவழியே இறங்கிவிட்டிருந்தார்கள். கோயில் பூட்டியிருந்தது. வாசலில் பூஜை முடிந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. பின்புறம் ஒரு பெரிய பாறை. அதன் மேல் ஏறி நின்றாள். காற்று அறைந்தது. ஒரு பக்கம் சிமெண்ட் ஆலையின் புகைக்குழாய், பாலக்காட்டு ரோட்டில் எறும்பாக லாரிகள். கிழக்கே கட்டடங்களுக்கு நடுவே சிங்காநல்லூர் எங்கோ கலங்கித் தெரிந்தது. அழுகை வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். வரவில்லை. பல்லைக் கடித்தபடி நின்றிருப்பது தாடை வலித்த பிறகுதான் தெரிந்தது.

போன் அடித்தது. லோகப்பிரியா. நின்றது. சாராள். நின்றது. கீழே பார்த்தாள். மண்டபத்தருகே இரண்டு புடவைகள் அங்கும் இங்கும் ஓடின. திண்டு முழுக்க வெள்ளையாகப் பொரி சிதறிக் கிடப்பது இங்கிருந்தே தெரிந்தது. மதன்குமார் படிகளில் தாவி இறங்கிக் காரிடம் போனான். கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தான். கதவை இழுத்தான். இரண்டு பாக்கெட்டையும் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றான். பெண்கள் இருவரும் இறங்கி வந்து சேர்ந்ததும் ரோட்டை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை தேடினார்கள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார்கள். புதர்களைப் பார்த்தார்கள். ஒருவரும் தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை.

மறுபடி போன். இந்த முறை ஆறுச்சாமி. எடுத்தாள்.

"அம்மணி, எங்க இருக்கற? அவங்க எல்லாம் பதறிக் கெடக்கறாங்க. உக்காந்துதான இருக்கற?"

"நிக்கறேனுங்க" என்றாள். போனை வைத்தாள்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். உள்ளங்கை வேர்வையில் பிசுபிசுத்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காரின் மேல் சாய்ந்து மூவரும் சின்னதாக நின்றிருந்தார்கள். சாவியை அவர்களை நோக்கி நீட்டி, பூட்டும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அவ்வளவு தூரம் அது எட்டாது என்று தெரியும். இன்னொரு தடவை அமுக்கினாள்.